ஜிம் மோரிஸ்: வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட வாத்தியார்

1999 செப்டம்பர் 18, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்லிங்டன் நகரத்து பேஸ்பால் மைதானம். உள்ளூர் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கும், ஃபுளோரிடாவிலிருந்து வந்திருந்த டம்பா பே டெவில் ரேஸுக்கும் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ். ரேஞ்சர்ஸ் ஜெயிக்கப்போவது கிட்டத்தட்ட முடிவான விஷயம் (கடைசியில் 6-1). இந்த நேரத்தில் டெவில் ரேஸ் புதிதாக ஒரு இடக்கை பிட்சரை இறக்குகிறது. எதிரில் மட்டையோடு நிற்பவர் ராய்ஸ் கிளேட்டன். நான்கே பந்து... கிளேட்டன் அவுட்!

தோற்கிற ஆட்டத்தில் ஒரு விக்கெட் எடுத்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன பெரிய விசேஷம்? அந்த பிட்சருக்கு வயது 35. மேஜர் லீக் எனப்படும் உச்சமட்டப் போட்டிகளில் அதுதான் அவருக்கு முதல் ஆட்டம். அந்த வருஷம் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடும் வரை, அவர் ஒரு சின்ன ஊரில் அறிவியல் வாத்தியாராகவும் பேஸ்பால் கோச்சாகவும் இருந்தவர். பெயர் ஜிம் மோரிஸ்.

இவர் கதையை டிஸ்னி நிறுவனம் 2002-ல் 'தி ரூக்கி' என்று படமாக எடுத்தது. டென்னிஸ் குவைட் கதாநாயகன். படம் பார்த்தவர்கள் "கனவை விடாதே" என்கிற பாடத்தோடு வெளியே வருவார்கள். ஆனால் மோரிஸின் நிஜக் கதையில் கனவு கொஞ்சம்தான், கணக்கு வழக்குதான் அதிகம். படத்துக்கு அது தேவைப்படவில்லை போல, விட்டுவிட்டார்கள்.

முதலில் பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பிட்சர் என்பவர் கிரிக்கெட் பவுலர் மாதிரி, ஆனால் ஓடி வந்து வீச முடியாது. நின்ற இடத்திலிருந்தே வீச வேண்டும். அவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 18.44 மீட்டர். நடுவில் தரையில் குத்தாமல் பந்து நேராகப் போக வேண்டும். அதனால் தோளும் முழங்கையும் பெரும் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். மனிதக் கை இந்த வேலைக்காகப் படைக்கப்பட்டதல்ல. முழங்கைத் தசைநார் கிழிவதும் தோள் கெடுவதும் இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

மோரிஸ் 1964 ஜனவரி 19-ல் டெக்சாஸின் பிரவுன்வுட் ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குக் கடற்படை வேலை, அதனால் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த குடும்பம். கடைசியில் பிரவுன்வுட்டுக்கே திரும்பி வந்து, அங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பையனுக்கு பேஸ்பால் மேல் உயிர். பள்ளியிலோ பேஸ்பால் அணியே கிடையாது! பிரவுன்வுட் என்றால் அமெரிக்கக் கால்பந்துதான். கார்டன் வுட் என்கிற பெரிய பயிற்சியாளர் அந்த ஒரு ஊர் பள்ளிக்கு மட்டும் 7 முறை மாநிலக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். அப்படிப்பட்ட இடத்தில் பேஸ்பாலை யார் சீந்துவார்கள்? மோரிஸும் கால்பந்துதான் ஆடினார்.

இருந்தும் அவர் கையைப் பார்த்தவர்கள் பார்த்துத்தான் இருந்தார்கள். அமெரிக்காவில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். 1982-ல் நியூயார்க் யாங்கீஸ் அவரை 466-வது ஆளாக எடுத்தது. மோரிஸ் கையெழுத்துப் போடவில்லை. 1983 ஜனவரி டிராஃப்டில் மில்வாக்கி புரூவர்ஸ் 4-வது ஆளாக எடுத்தது. ஏழே மாதத்தில் 466-லிருந்து 4! ரொம்பவும் வாயைப் பிளக்க வேண்டாம். ஜனவரி டிராஃப்ட் என்பது பெரும்பாலும் ஜூனியர் கல்லூரிப் பிள்ளைகளுக்கான சின்னத் தேர்வு, ஜூன் மாத டிராஃப்ட் தான் பெரியது. 1986-க்குப் பிறகு ஜனவரித் தேர்வையே நிறுத்திவிட்டார்கள். என்றாலும் 19 வயதுப் பையனுக்கு அது பெரிய வாசல்தான்.

அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது மைனர் லீக். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், மோரிஸ் எதை விட்டு எதற்குப் போனார் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

மேஜர் லீக்கில் உள்ள ஒவ்வொரு அணிக்கும் கீழே படிப்படியாகப் பல குட்டி அணிகள். அடியில் ரூக்கி, அதற்கு மேலே சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ, உச்சியில் மேஜர் லீக். கீழ்ப்படிகளில் ஆடுகிற எல்லோரும் உச்சிக்குப் போகத்தான் ஆடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் போவதில்லை. மோரிஸ் காலத்தில் போகாதவர்களுக்குக் கிடைத்தது சொற்பச் சம்பளம், அதுவும் ஆட்டம் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். நெடுந்தூர பஸ் பயணம், ஒரே வீட்டில் நாலைந்து பேர், குளிர்காலத்தில் வேறு ஏதாவது வேலை.

ஏன் இவ்வளவு குறைவு? சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்புக் கொடுத்தது. டிக்கெட் விற்று, ஊர் ஊராகப் போய் ஆடி, லாபம் பார்க்கிற ஒரு தொழில் வணிகம் ஆகாதாம்! (காமர்ஸ் வகுப்பில் இப்படி விடை எழுதினால் பூஜ்யம்தான் கிடைக்கும்.) 1998-ல் கர்ட் ஃபிளட் சட்டம் வந்து மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. மைனர் லீக்குக்கு இது பொருந்தாது என்று அதே சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆக, மோரிஸ் முதல் தடவை போனபோதும் சரி, இரண்டாம் தடவை போனபோதும் சரி, அந்தப் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் தடவை சீக்கிரமே முடிந்தது. கையில் காயம், அறுவைச் சிகிச்சை, மறுபடி காயம். சிங்கிள் ஏ படியைத் தாண்டவே இல்லை. மில்வாக்கி அவரை விடுவித்தது. 1989-ல் சிகாகோ வைட் சாக்ஸின் சிங்கிள் ஏ அணியில் இன்னொரு முயற்சி, அதுவும் பலிக்கவில்லை. 25 வயதில் ஆட்டம் க்ளோஸ்.

அதற்குப் பிறகு செய்தது, நம் ஊரிலும் எத்தனையோ விளையாட்டுக்காரர்கள் செய்வதுதான். சான் ஏஞ்சலோவில் ஆஞ்சலோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தார், வாத்தியார் ஆனார், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கப் பள்ளிகளில் கோச் என்றால் பெரும்பாலும் பாடமும் எடுக்கிற ஆசிரியர்தான். காலையில் வகுப்பு, சாயங்காலம் மைதானம். மோரிஸ் கடைசியில் வந்து சேர்ந்தது ரீகன் கவுண்டி உயர்நிலைப் பள்ளி. ஊர் பிக் லேக். "பெரிய ஏரி" என்று பெயர், ஏரியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது! சுமார் 3000 பேர் வசிக்கிற எண்ணெய்க் கிணற்று ஊர்.

அந்த ஊரின் பழைய கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1921-ல் அங்கே ஒரு கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள். பணம் போட்டவர்களில் நியூயார்க்கைச் சேர்ந்த சில கத்தோலிக்கப் பெண்களும் உண்டு. போட்ட பணம் திரும்புமா என்று பயந்து அவர்கள் பாதிரியாரிடம் கேட்க, நடக்கவே நடக்காது என்கிற காரியங்களுக்கு உரிய புனிதர் ரீட்டாவை வேண்டிக்கொள்ளச் சொன்னாராம். அவர்கள் கொடுத்தனுப்பிய காய்ந்த ரோஜா இதழ்களை, தோண்டுகிற கோபுரத்தின் உச்சியிலிருந்து தூவி, கிணற்றுக்கு 'சாண்டா ரீட்டா' என்று பெயர் வைத்தார்கள். 1923 மே மாதம் எண்ணெய் பீறிட்டது. அந்த நிலம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். ஏழைப் பல்கலைக்கழகம் பணக்காரப் பல்கலைக்கழகம் ஆனது அங்கே ஆரம்பித்த கதை. கிணறு 1990 வரை எண்ணெய் கொடுத்தது. படமே இந்த ரோஜா இதழ்களில்தான் ஆரம்பிக்கும். நம்மூர் நேர்த்திக்கடன் மாதிரியே இருக்கிறதல்லவா?

சரி, விஷயத்துக்கு வருவோம். ரீகன் கவுண்டி பள்ளி அணி அதுவரை மாவட்டக் கோப்பையை ஜெயித்ததே இல்லை. கால்பந்து தேசத்தில் பேஸ்பால் பையன்கள் ஒரு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள். தாங்களே தங்களை நம்பாத பிள்ளைகளுக்கு கோச் என்ன செய்வார்? உபதேசம்தான். முயற்சியைக் கைவிடாதே, பெரிதாக ஆசைப்படு, அப்படி இப்படி. எல்லா கோச்சும் சொல்வதுதான்.

பையன்கள் அதைத் திருப்பி அவர் மேலேயே போட்டார்கள். பயிற்சியில் தினமும் அவர்களுக்குப் பந்து வீசியது மோரிஸ்தான். அந்தப் பந்தை அடிக்க முடியாமல் திணறியதும் அவர்கள்தான். இவ்வளவு வேகமாக வீசுகிற நீங்கள் ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் உபதேசம் என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி. கடைசியில் பேரம் படிந்தது. அணி மாவட்டக் கோப்பையை ஜெயித்தால், கோச் ஒரு மேஜர் லீக் அணியின் தேர்வுக்குப் போய் வீசிக் காட்ட வேண்டும்.

ஒப்பந்தச் சட்டம் படித்தவர்கள் கவனிக்கவும்: முனைவு இருக்கிறது, ஏற்பு இருக்கிறது, மறுபயனும் இருக்கிறது. மோரிஸ் இதில் பெரிய ஆபத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஜெயிக்காத அணி ஜெயித்தால்தானே? அப்படியே ஜெயித்தாலும், ஒரு சனிக்கிழமை போய் நாலு பந்து வீசி, சிரித்துவிட்டுத் திரும்பி வந்தால் தீர்ந்தது.

1999 வசந்தத்தில் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள்.

இதில் படம் சரியாக அழுத்தம் கொடுக்காத ஒன்று இருக்கிறது. தினமும் மோரிஸின் பந்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மற்றப் பள்ளிப் பையன்களின் பந்து எப்படித் தெரிந்திருக்கும்? மறுபக்கம், பத்து வருஷம் போட்டி அழுத்தம் இல்லாமல் இருந்த கை, பிள்ளைகளுக்காக நாள் தவறாமல் வீசி வீசி என்ன ஆகியிருக்கும்? கோச் பையன்களைத் தயார் செய்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பையன்களும் கோச்சைத் தயார் செய்தார்கள் என்பதுதான் சரியான கணக்கு. மைனர் லீக்கின் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் கொண்டுவராத வேகத்தை, பிக் லேக் மைதானத்தில் பள்ளிப் பையன்களுக்கு வீசிய வீச்சு கொண்டுவந்தது.

அந்தக் கோடையில் டெவில் ரேஸ் நடத்திய தேர்வுக்கு மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார் மோரிஸ். வந்திருந்தவர்கள் எல்லாம் அவர் பாடம் எடுக்கிற வயசுப் பிள்ளைகள். இவர் முறை கடைசியில் வந்தது. இளவயதில், இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்திலேயே 90 மைலைத் தொடாதவர் அவர். இப்போது ரேடார் கருவி காட்டியது 98. மணிக்கு 98 மைல், அதாவது 158 கிலோமீட்டர்! கருவிதான் கெட்டுவிட்டது என்று சந்தேகப்பட்டார்கள். தொடர்ந்து 12 பந்து அதே 98. அந்த வேகத்தில் வருகிற பந்து அடிப்பவரை அடைய சுமார் 0.4 வினாடிதான் ஆகும். கண் இமைக்கிற நேரம்.

வேறு அணியாக இருந்தால் 35 வயதுக்காரரைப் பாராட்டி அனுப்பியிருப்பார்கள். டெவில் ரேஸ் 1998-ல்தான் ஆட ஆரம்பித்த புது அணி. முதல் வருஷம் 99 தோல்வி, இரண்டாம் வருஷம் 93 தோல்வி. இழக்க ஒன்றும் இல்லாத கம்பெனி எந்தப் பங்கையும் வாங்கிப் பார்க்கும்! ஒப்பந்தம் நீட்டினார்கள்.

இப்போது மோரிஸின் நிலைமையைப் பாருங்கள். மாதச் சம்பளமும் காப்பீடும் உள்ள ஆசிரியர் வேலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பத்து வருஷம் முன்னால் தன் கையை உடைத்துத் துப்பிய அதே மைனர் லீக், அதே சொற்பச் சம்பளம். வீட்டில் மூன்று பிள்ளைகள். பையன்களுக்குக் கொடுத்த வாக்கு தேர்வுக்குப் போவது வரைதான். அது நிறைவேறிவிட்டது. அங்கேயே திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இனி எடுக்கிற முடிவு அவருடையது மட்டும். போனார்.

முதலில் டபுள் ஏ-யில் ஆர்லாண்டோ. பிறகு டிரிபிள் ஏ-யில் டர்ஹாம் புல்ஸ். சிங்கிள் ஏ-யை முன்பு பல வருஷம் தாண்டாதவர், மூன்று மாதத்தில் எல்லாப் படியும் ஏறினார். செப்டம்பர் வந்தது. அந்தக் காலத்து விதிப்படி, செப்டம்பர் 1 முதல் மேஜர் லீக் அணிகள் தங்கள் பட்டியலை 25-லிருந்து 40 பேர் வரை பெருக்கிக்கொள்ளலாம். (2020-லிருந்து 28 பேர்தான்.) கீழே இருப்பவர்களை மேலே வரவழைத்துப் பார்க்கிற மாதம் அது. மோரிஸுக்கும் அழைப்பு வந்தது. அதுவும் சொந்த மாநிலத்தில் ஆட்டம். பிக் லேக்கிலிருந்து பையன்களும் ஊர்க்காரர்களும் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். மீதி, முதல் பத்தியில் பார்த்ததுதான்.

பண விஷயம் ஒன்று. 1999-ல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 2,00,000 டாலர். பட்டியலில் இருக்கிற நாட்களுக்கு வகுத்துக் கொடுப்பார்கள். ஆட்ட காலம் ஏறக்குறைய 183 நாள் என்றால், ஒரு நாளைக்கு சுமார் 1,100 டாலர். செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 3-ல் பருவம் முடியும் வரை 16 நாள். சுமார் 17,500 டாலர் வருகிறது. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண் இன்னொன்று: 2022 வரை டிரிபிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 17,500 டாலர்தான்! கடைசிப் படிக்கும் உச்சிக்கும் நடுவே உள்ள பள்ளம் அவ்வளவு.

அந்தப் பள்ளத்தை எதிர்த்து மைனர் லீக் ஆட்டக்காரர்கள் 2014-ல் வழக்குப் போட்டார்கள். 2018-ல் நாடாளுமன்றம் அவர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்தே விலக்கியது. 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்' என்று அதற்குப் பெயர் வேறு! 2021-ல் அணிகளின் எண்ணிக்கையை 160-லிருந்து 120 ஆகக் குறைத்தார்கள். 2022-ல் வழக்கு 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2023-ல்தான் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல் முறையாகச் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தம் கிடைத்து, டிரிபிள் ஏ சம்பளம் 35,800 டாலர் ஆனது. மோரிஸ் இரண்டு தடவை ஏறி இறங்கியபோது இதெல்லாம் யாருக்கும் கிடையாது.

படம் ஆர்லிங்டன் இரவோடு முடிந்துவிடும். கைதட்டல், கண்ணீர், ஊர் கூடி வரவேற்பு. 2.2 கோடி டாலரில் எடுத்த படம் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த இடத்தில் முடித்ததால்தான் அந்த வசூல். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் மோரிஸ் அடுத்த வருஷமும் ஆடினார்.

1999-ல் 5 ஆட்டம். 2000-ல் 16 ஆட்டம். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம்தான். கை மறுபடி வலிக்க ஆரம்பித்தது. 2000 மே 9, நியூயார்க், யாங்கீ மைதானம். 18 வயதில் அவரை 466-வது ஆளாகக் கூப்பிட்ட அதே யாங்கீஸ். ஆட்டம் சமநிலையில் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போயிருந்தது. மூன்று தளத்திலும் யாங்கீஸ் ஆட்கள் நிற்கிறார்கள். பால் ஓ'நீல் மட்டையோடு தயார். இந்த நிலைமையில் மோரிஸை இறக்கினார்கள். பந்து இலக்குக்குள் விழவில்லை. நான்கு தவறான பந்து ஆனால் அடிப்பவர் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம், தளங்கள் நிரம்பியிருந்தால் முன்னால் இருப்பவர் நடந்தே வந்து ஓட்டம் எடுக்கலாம். அப்படித்தான் நடந்தது. யாங்கீஸ் ஜெயித்தது. அதன் பிறகு மோரிஸ் மேஜர் லீக்கில் வீசவே இல்லை. அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் ஒப்பந்தம் செய்து, 2001 பருவம் தொடங்குமுன்பே விடுவித்துவிட்டது.

பேஸ்பாலில் கணக்கு எழுதுகிற முறை ஒன்று உண்டு. தளத்தில் ஏற்கெனவே நிற்கிற ஆள் எடுக்கிற ஓட்டம், அவரைத் தளத்தில் ஏறவிட்ட பழைய பிட்சரின் பற்றுக் கணக்கில்தான் ஏறும். நியூயார்க்கில் மோரிஸ் வீசிய அந்தக் கடைசிப் பந்துகளின் தோல்வியும் அவர் பேரேட்டில் இல்லை. 21 ஆட்டம், 15 இன்னிங்ஸ், 13 பேர் ஸ்ட்ரைக் அவுட், வெற்றி 0, தோல்வி 0. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது இவ்வளவுதான். ரீகன் கவுண்டி பையன்கள் 1999-ல் வாங்கிய மாவட்டக் கோப்பை வேறு ஒரு பதிவேட்டில் இருக்கிறது.